கொழுந்து பாஸ் வைக்கும் மூக்கு

தலைக்கு மேலே கையை நீட்டி, ஜீப்பின் ஓரமாக நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாயின் வாயைச் சிவக்கொழுந்தர் உள்ளங்கையால் பொத்துகிறார். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஒரு முறை இழுக்கிறது. தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் இன்னொரு முறை இழுக்கிறது. பிறகு வண்டி முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கிப்போகிறது. அதற்குப் பிறகுதான் பின்மதிலுக்கு அப்பால் கொள்கலன்களைத் தூக்கி அடுக்கும் சத்தம் நமக்குக் கேட்கத் தொடங்குகிறது.

"செத்திட்டுதோ? அப்ப நல்லது," என்கிறார்.

கையை எடுக்கும்போது உள்ளங்கையில் வட்டமாக ஒரு சிவந்த தடம். அதைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டே எனக்கு விளக்குகிறார். "சாகாமல் ஓடிச்சுதெண்டால்தான் பிழை, மாஸ்ரர். வாயைப் பொத்தின பிறகும் மூச்சு விடுதெண்டால் வேறை எங்கையோ ஓட்டை இருக்கு. காத்துப் போற ஓட்டையாலை தண்ணி போகாதோ?"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருகொடவத்தைக்குப் போகும் வழியில், ஒரு கொள்கலன் யார்ட்டின் பின்மதிலை ஒரு சுவராக வைத்து, மற்றப் பக்கங்களில் தகரம் அடித்த கொட்டில்தான் அவருடைய கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. கொழுந்து பாஸின் இடம் என்று கேட்டால் துறைமுக லொறிக்காரர் எவரும் வழி சொல்வார்கள். கொழும்பில் கைத்தொழில் தெரிந்த எல்லாரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், பெயின்ற் பாஸ். சிவக்கொழுந்து என்ற நீளமான பெயரைச் சுமக்க முடியாத சிங்கள லொறிச் சாரதிகள் அதன் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு கொழுந்து பாஸ் ஆக்கிவிட்டார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. நெடிய, மெலிந்த உடம்பு. பொனற்றுக்குள் குனிந்தே பழகியதால் நடக்கும்போதும் எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் முன்சாய்ந்து நடப்பார். வடக்கே சுன்னாகத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கொழும்புக்கு வந்து, ஒரு தேயிலைக் கம்பனியின் வாகனப் பகுதியில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். மலைநாட்டில் ஆறு பாயும் பாதைகளில் திரிகிற தோட்டத்து ஜீப்புகளுக்கு அங்கேதான் முதன்முதலாக மூக்கு வைத்தார். அவருடைய பாஷையில் அது மூக்கு. பொனற்றுக்குள்ளே காற்றை இழுக்கிற இடத்திலிருந்து ஒரு குழாயைப் பொருத்தி, மட்கார்ட்டைத் துளைத்து வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய் விடுவது. வண்டி கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மேலேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுகரைக்குப் போய்விடும்.

எஞ்சினைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் யாரோ உறவினரின் உடல்நிலையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். எயார் கிளீனரில் புழுதியும் சேறும் அடைத்திருந்தால் "சளி கட்டியிருக்கு." கறுப்புப் புகை வந்தால் "பாவம், முட்டு இழுக்குது." என்னுடைய பழைய மொறிஸ் மைனரைக் கடந்த வருடம் முதன்முதலாக அவரிடம் கொண்டுபோனபோது, பொனற்றைத் திறக்காமலே பக்கத்தில் நின்று காது கொடுத்துவிட்டு, "இதுக்கு நித்திரை காணாது," என்றார். வால்வுகளைச் சரிசெய்து தந்தார். நான் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூட ஆசிரியன், ஒரு சஞ்சிகைக்கும் எழுதுவேன். அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் கார் சுகமாயிருந்தாலும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு ஹெவ்லொக் டவுனிலிருந்து அங்கே போய்விடுகிறேன்.

பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்ரீ. கைச்சீனிதான், தேத்தண்ணீருக்குள் போடமாட்டார். இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார். எண்ணெய்க் கையில் சீனி கறுத்துப்போயிருக்கும். "இயந்திரம் திண்ட மிச்சம்தானே நான் திங்கிறது," என்பார்.

மழை பெய்தால் அவரிடம் வேலை நடக்காது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஒழுங்கைகளில் வடிகான் நிரம்பித் தண்ணீர் வீதிக்கு ஏறிவிட்டால், காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு வெளியே இறங்கி நடுத்தெருவில் நிற்பார். காலில்தான் அளவு. கணுக்காலுக்குச் சற்று மேலே வந்தால் "உங்கடை மொறிஸ் வீட்டை நிக்கவேணும்." முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், வான்களுக்கு. முழங்கால், லொறிகளுக்கு. வருகிற வாகனங்களைக் கைகாட்டி மறித்து, போகலாம், போகக்கூடாது என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு நிற்பார். சிலர் கேட்பார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்து ஹோர்ன் அடித்துத் தண்ணீரை அவர் மேலே வாரி இறைத்துக்கொண்டு போவார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன வாகனம் மறுமுனையில் நிற்காமல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பழக்கம் அவருக்கு முன்பு இருந்ததில்லை என்று அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி சொல்கிறார். இரண்டரை வருடமாகத்தான்.

அது எப்படி வந்தது என்பதைச் சிவக்கொழுந்தர் ஒரே நாளில் சொல்லவில்லை. வால்வு திருத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு கொஞ்சம், கார்புரேற்றர் கழுவிய ஒரு ஞாயிறு கொஞ்சம் என்று ஆறேழு வாரங்களில் சொன்னார். நான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் ஒரு காலை ஒருகொடவத்தைப் பக்கம் படையினரின் சுற்றிவளைப்பு நடந்தது. கராஜுகளைச் சோதித்துக்கொண்டு வந்தவர்கள் சிவக்கொழுந்தரின் கொட்டிலில் மூன்று குழாய்களைக் கண்டார்கள். ஆளுயரக் குழாய்கள். ஒரு முனை வளைந்தது. துருப்பிடிக்காமல் சிவப்புப் பூச்சு அடித்து வெயிலில் காயவிட்டிருந்தார். குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டக்காரர் ஒருவருடைய ஜீப்புகளுக்காகச் செய்தவை. தமிழன், சுன்னாகம், வெல்டிங் இயந்திரம், இரும்புக் குழாய். ஆளையும் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"இதாலை என்ன சுடுறதெண்டு கேட்டாங்கள். எனக்கு முதல் விளங்கேல்லை. குழாயைச் சுடவேணும், சுட்டால்தான் வளைக்கலாமெண்டு நான் என்ரை சிங்களத்திலை சொல்லிப்போட்டன். அதோடை முடிஞ்சுது."

பதினொரு நாள் உள்ளே இருந்தார். அடித்தார்களா என்று நான் கேட்டேன். "அதை எழுதாதையுங்கோ," என்றார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவரும் அதே பதிலைச் சொன்னார். "எஞ்ஜிமத் ஹுஸ்ம கன்னவா, மஹத்தயா." இயந்திரமும் மூச்சு வாங்குது, ஐயா. பத்தாவது நாள், ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு அதிகாரி அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய் அங்கே நின்ற ஜீப்பைக் காட்டி, மூச்சு வாங்குகிறதைக் காட்டு பார்க்கலாம் என்றார். சிவக்கொழுந்தர் பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, எயார் கிளீனரின் வாயைக் கையால் மூடினார். எஞ்சின் விக்கி நின்றது. அந்த மனிதர் பெரிதாகச் சிரித்துவிட்டு, தானும் ஒருமுறை மூடிப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டு வாசலில் ஜெகதீஸ்வரி அழவில்லை. புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியில் மும்மொழியும் தட்டச்சுச் செய்கிறவர் அவர். எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர். "உங்கடை மூக்கும் வேண்டாம், முழியும் வேண்டாம். இனி அந்தக் குழாய் செய்தால் நான் இஞ்சை இருக்கமாட்டன்," என்றார். சிவக்கொழுந்தர் ஓம் என்றார்.

ஆனால் குழாய்கள் மூன்று அல்ல, நான்கு. நான்காவது, கொட்டிலின் பின்பக்கத்தில் அஸ்பெஸ்டோஸ் சீற்றுகளுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது. வந்தவர்களுடைய கண்ணில் படவில்லை. "எறியவும் மனம் வரேல்லை. வைச்சிருக்கவும் பயம். ஒவ்வொரு நாளும் வந்தவுடனை அது அங்கை கிடக்கோ எண்டு பாப்பன். கிடக்கும். ஏன் கிடக்குதெண்டு கோவம் வரும்."

அடுத்த வருடம் நவம்பரில் நிலாம் வந்தார்.

நிலாமும் கொட்டாஞ்சேனைக்காரர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வவுனியாவுக்கு மேற்கே, அகதி முகாம்களுக்கும் உள்ளூர்க் கிராமங்களுக்கும் மருந்து கொண்டுபோகிற ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் ஜீப் சாரதி. மாதம் ஒருமுறை மருந்து ஏற்றக் கொழும்புக்கு வருவார். அந்த ஜீப்பில் செலீன் என்ற தாதியும் அவரும்தான் காட்டுப் பாதைகளில் திரிவது. மாரி தொடங்கிவிட்டது, ஆற்றோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சப்பாத்துப் பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகத் தொடங்கிவிட்டது, பாஸ் நன்றாகக் குழாய் வைப்பாராமே, ஒன்று வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"நான் அவரை நிமிர்ந்து பாக்கேல்லை, மாஸ்ரர். ஒரு நட்டைக் கழட்டிக்கொண்டிருந்தனான். கழண்ட நட்டைத் திரும்பப் பூட்டினன். குழாய் இல்லைத் தம்பி, உந்தச் சைசிலை கொழும்பிலை இப்ப எடுக்கேலாதெண்டு சொன்னன். பொய். பத்தடி தூரத்திலை கிடக்குது. அந்த ஜீப்புக்கு அளவெடுத்தது மாதிரிக் கிடக்குது."

பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக அறிவுரைகளை அள்ளிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் இறங்குமுன் விசிறிப் பட்டியைக் கழற்றிவிடு. விசிறி தண்ணீரை எஞ்சின்மேல் அடிக்காது. ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கட்டு. எயார் கிளீனர் மூடியைச் சுற்றி கிறீஸ் பூசு. முதலாம் கியரில் நிற்காமல் போ. தண்ணீர் பம்பருக்கு மேலே என்றால் இறங்காதே. நிலாம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தொட்டியில் கை கழுவிவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாம் சரியான யோசனைதான். ஒண்டும் பிழை இல்லை. ஆனால் அதெல்லாம் மூக்கு இல்லாதவனுக்குச் சொல்லுற யோசனை," என்றார் சிவக்கொழுந்தர்.

மூன்று கிழமை கழித்து அந்த ஜீப் ஒரு லொறியின் முதுகில் ஏறிக்கொண்டு கராஜுக்கு வந்தது. முன்கண்ணாடி வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. நிலாம் லொறியின் முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்து, தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று மட்டும் சொன்னார். சிவக்கொழுந்தர் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். உள்ளே களிமண் தண்ணீர். ஒரு வைக்கோல் துரும்பு. பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு, விரல் மொத்தமான தண்டு, பாம்புபோல வளைந்து கிடந்தது. காற்றைத்தான் பிஸ்டன் அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், மேலே வருகிற பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும்.

அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நிலாம் நடந்ததைச் சொன்னார்.

"காட்டுக்குள்ள ஒரு ஊரு பாஸ். புள்ளப்பேறு நோவுண்டு ஆள் வந்து கூப்பிட்ட. செலீன் மிஸ் பாத்திட்டு இங்க வெச்சி ஏலாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்ண்டு சென்ன. ஏத்திக்கிட்டு வந்தோம். பாலத்துல தண்ணி டயருக்குப் பாதிதான் நிண்டிச்சி. நீங்க சென்ன மாதிரி பட்டியக் கழட்டினேன், தார்ப்பாய் கட்டினேன். நடுவுக்கு வந்தொடன மேலேர்ந்து ஒரு தள்ளு. எங்கயோ குளம் ஒடச்சிருக்கி. பொனட்டுக்கு மேலால ஏறிச்சி. டக்குண்டு ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தந்தான் பாஸ்."

ஐந்து மணித்தியாலம் ஜீப் அந்தப் பாலத்தில் நின்றது. பாலத்துக் கட்டைகளில் முட்டிக்கொண்டு நின்றதால் அடித்துக்கொண்டு போகவில்லை. பின்இருக்கையில், முழங்காலளவு தண்ணீருக்கு மேலே பலகை போட்டு, செலீன் பிரசவம் பார்த்தார். பிள்ளை பிறந்தது. அழுதது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. கடைசியில் உழவு இயந்திரம் ஒன்று கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தது. வவுனியாவுக்குப் போகும் வழியில், உழவு இயந்திரத்தின் பெட்டியிலேயே அந்தப் பெண் இறந்துபோனார். செலீன் பிள்ளையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மருத்துவமனை வரைக்கும் போனார்.

நிலாம் இதைச் சொல்லி முடித்தபோது சிவக்கொழுந்தர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "கிறீஸ் பூசினனீரோ?"

"அந்தக் கேள்வியை ஏன் கேட்டனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை," என்றார் என்னிடம். "ஓம் எண்டு சொன்னார். பூசாமல் விட்டிருக்கக்கூடாதோ எண்டு நினைச்சன். அவர் பூசாமல் விட்டிருந்தால் நான் தப்பியிருப்பன். எப்பிடி இருக்கு என்ரை புத்தி?"

எஞ்சினை மீட்க ஒன்பது நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் அவர் பின்பக்கம் போய், சீற்றுகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குழாயை எடுத்துவந்து ஜீப்பில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. வளைவுகூட மாற்றத் தேவைப்படவில்லை. மட்கார்ட்டில் துளை போட்டு, இரண்டு இடத்தில் தாங்கி வைத்து, பொருத்துகளில் தடித்த றபர் குழாயும் கிளிப்பும் போட்டு இறுக்கினார். குழாயின் வாயை முன்னுக்குத் திருப்பாமல் பக்கவாட்டில் திருப்பினார். மழையும் முன்வண்டியின் சேறும் நேரே உள்ளே அடிக்காது. எயார் கிளீனரின் அடியில் தூசி விழுவதற்கென்று இருந்த சின்னத் துவாரத்துக்கும், ஒருபக்கமாக மட்டும் திறக்கிற றபர் மூடி ஒன்று வெட்டிப் போட்டார். கையால் பொத்தினார். எஞ்சின் செத்தது. பன்னிரண்டு தடவை பொத்திப் பார்த்ததாகச் சொன்னார். நிலாம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

வண்டியை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின மாலை சிவக்கொழுந்தர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். குழாய் வைத்துவிட்டேன், நீ போவதென்றால் போ என்றார். ஜெகதீஸ்வரி மறுநாள் தன் கம்பனிக் கந்தோரிலிருந்து ஒரு தாளைத் தட்டச்சு அடித்துக்கொண்டு வந்தார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எட்டு வரி. இந்த வாகனத்தில் பொருத்தப்பட்டிருப்பது வெள்ளத்தில் எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் குழாய், இன்ன நிறுவனத்தின் மருத்துவ வேலைக்கானது, இன்னார் பொருத்தியது. நிறுவனத்தின் முத்திரையை நிலாம் போட்டுவந்தார். சோதனைச்சாவடிகளில் அதைக் காட்டினார். வாசித்தார்கள், குழாயைத் தட்டிப் பார்த்தார்கள், விட்டார்கள். இரண்டரை வருடமாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"எட்டு வரி," என்றார் ஜெகதீஸ்வரி, நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். "அரை மணித்தியால வேலை. அந்த நவம்பரிலை இவர் என்னட்டைக் கேட்டிருந்தால் அடிச்சுக் குடுத்திருப்பன். கேக்கேலாமல் வாயை அடைச்சு வைச்சதும் நான்தானே." தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சிவக்கொழுந்தர் பதினேழு வண்டிகளுக்கு மூக்கு வைத்திருக்கிறார். எண்ணிக்கை அவர் சொன்னதல்ல, ஜெகதீஸ்வரி அடித்த கடிதங்களின் பிரதிகளை நான் எண்ணினேன். வடக்கு, கிழக்குப் பக்கம் போகிற வண்டி என்று தெரிந்தால் போதும், பிரேக் பார்க்க வந்தவரிடமும் "மூக்கு வைக்கேல்லையோ?" என்று தொடங்கிவிடுவார். வேண்டாம் என்றால் விடமாட்டார். இங்கே கொழும்புக்குள்ளேயே ஓடுகிற ஒரு பேக்கரி வான்காரரிடம் அரை மணித்தியாலம் வாதாடியதை நானே பார்த்தேன். அந்த மனிதர், பாணுக்கு எதற்கு மூக்கு என்று கேட்டுச் சிரித்தார். சிவக்கொழுந்தர் சிரிக்கவில்லை.

என்னிடம் உண்மையைச் சொன்னவர் நிலாமிடம் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை ஜீப் வரும். எண்ணெய் மாற்றுவார், றபர்களை அமத்திப் பார்ப்பார், வாயைப் பொத்துவார். இருவரும் எஞ்சினைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, பிள்ளை எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "கேக்க எனக்கு என்ன உரிமை?" என்றார். அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "எந்த முகத்தோடை?" என்றார். பிறகு ஒரு நாள் தானாகவே, "உங்கடை சஞ்சிகையிலை என்னைப் பற்றி எழுதப்போறன் எண்டனீங்கள். பேரைப் போடுங்கோ. குழாய் இருந்ததெண்டதையும் போடுங்கோ. ஆனால் பொறுங்கோ, நிலாம் புத்தகத்திலை வாசிச்சு அறியக்கூடாது," என்றார்.

போன ஞாயிறு நல்ல வெயில். நான் மொறிஸை ஒரு ஓரமாக விட்டுவிட்டு நின்றேன். நிலாமின் ஜீப் நின்றது. வேலை முடிந்து, நிலாம் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்தர் அவர் பின்னால் போய் நின்றார். கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"தம்பி நிலாம், உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்."

"செல்லுங்க பாஸ்."

"அண்டைக்கு நீர் வந்து கேட்ட நேரம் குழாய் இஞ்சைதான் கிடந்தது. இல்லையெண்டு பொய் சொன்னனான். பயத்திலை சொன்னனான்."

நிலாம் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. கலன் காலியானதும் ரேடியேற்றர் மூடியைப் போட்டு இறுக்கினார். திரும்பாமலே சொன்னார்.

"தெரியும் பாஸ்."

சிவக்கொழுந்தர் துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"அண்டைக்கு கை கழுவப் பின்னுக்குப் போனேன்தானே. அஸ்பெஸ்டோஸ் சீட்டுக்குப் பின்னால செவப்பு பெயின்ட் அடிச்ச குழாய் இரிந்திச்சி. கண்டேன். பொறகு நீங்க அதத்தான் கொண்டுவந்து பூட்டினதும் தெரியும்."

"கண்டும் ஏன் கேக்கேல்லை?"

நிலாம் இப்போதுதான் திரும்பினார். சட்டைக் கைகளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் பயந்தான் பாஸ். வவுனியா போய்ச் சேர முந்தி எத்தன ஆமி சென்ட்ரி. அந்தக் குழாயோட ஒவ்வொண்டுலயும் எறங்கி நிண்டு பதில் செல்லோணுமேண்டு யோசிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். செலீன் மிஸ்தான் போய்க் கேளுண்டு கரச்சல் குடுத்த. நீங்க இல்லண்டு சென்னதும் எனக்கு நிம்மதியா இரிந்திச்சி. போய் அவங்ககிட்ட, கொழும்பு முழுக்கத் தேடினேன், குழாயே இல்லண்டு சென்னேன். அவங்க இன்னும் அதத்தான் நம்பிக்கிட்டு இரிக்கிறாங்க."

மதிலுக்கு அப்பால் ஒரு கொள்கலன் இறங்கி நிலத்தில் மோதியது. கொட்டிலின் தகரங்கள் அதிர்ந்து ஓய்ந்தன.

"அந்தத் தாயிட பேரு நேசமலர்," என்றார் நிலாம். "புள்ள, பெரியம்மாகாரியோட முகாம்ல இரிக்கி. பொம்புளப் புள்ள. நல்லா ஓடுது."

சிவக்கொழுந்தர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். பிறகு மதிலோரம் கிடந்த மரப் பலகைக்குப் போனார். அதன் மேல் ஸ்பனர்களும் பழைய வால்வுகளும் போல்ட் டின்களும் பரவிக் கிடந்தன. குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே நிலத்தில் வைக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை. இரண்டு பேர் சேர்ந்து உட்காரக்கூடிய அளவுக்கு இடம் வந்ததும், கையிலிருந்த துணியால் பலகையை ஒரு முறை துடைத்தார். துணியில் எண்ணெய் இருப்பதைக் கண்டு அதை வீசிவிட்டு, தன் சட்டையின் முன்பக்கத்தை இழுத்து, அதனால் மறுபடி துடைத்தார்.